காணும் ஒலி: தமிழ்க் காணொலிகளில் எழுத்துரை – ஐதராபாத் நல்சார் அறிக்கையை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்த் திரை தொடக்கத்தில் கண்ணுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் உருவாக்கிய 'கீசக வதம்' என்னும் மௌனப்படத்தில் கதைப்போக்கை உணர்த்தும் எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மும்மொழிகளிலும் இடம்பெற்றன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும், செவி கேட்பவராயினும் கேளாதவராயினும், அப்படத்தை ஒரே நிலையில் நின்று காண முடிந்தது. 1931ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கியபோது எழுத்து அட்டைகள் நீங்கின. அம்மாற்றம் எழுத்தறியாதவர்க்குத் திரையைத் திறந்தது. செவி கேளாதவர்க்கு அதனை மூடியது. திரைப்பட வரலாறுகளில் முதற்செய்தி விரிவாகப் பேசப்படுகின்றது. இரண்டாவது செய்தி பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

மூடப்பட்ட அவ்வாயிலைத் திறக்கும் கருவியாக இன்று விளங்குவது காணொலியில் ஒலியை எழுத்தாக்கித் தரும் முறையாகும். இதனை ஓர் உரிமையாகக் கருதும் சட்டநிலை இந்தியாவில் வலுப்பெற்றுள்ளது. அதற்குத் துணைநின்ற ஆவணங்களுள் ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம் உச்ச நீதிமன்றத்திற்கு அளித்த அறிக்கை முதன்மையானது. அவ்வறிக்கையின் அடிப்படைக் கருத்தையும் அதன்வழி எழுந்த தீர்ப்பையும் தமிழ் மொழியின் நிலையிலிருந்து நோக்கி, எழுத்துரை என்பது வெறும் தொழில்நுட்ப ஏற்பாடன்று, இலக்கணம் வகுக்கப்பட வேண்டிய ஒரு பனுவல் வகை என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் வரையறை

இத்துறையில் தமிழில் வழங்கும் சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. பேச்சில் 'சப்டைட்டில்' என்பதே பெருவழக்கு. அச்சில் 'துணைத்தலைப்பு', 'வசனவரி' என்பன காணப்படுகின்றன. இவற்றுள் 'வசனவரி' என்னும் சொல் பொருளைச் சுருக்கிவிடுகின்றது. பேசப்படும் வசனம் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்ற எண்ணத்தை அது தோற்றுவிக்கின்றது. பிறமொழி அறியாதவர்க்காக மொழிபெயர்த்துத் தருவது ஒன்று. செவி கேளாதவர்க்காக அதே மொழியில் பேச்சையும், பேசுபவர் யார் என்பதையும், பேச்சல்லாத ஒலிகளையும் எழுதித் தருவது மற்றொன்று. இணைய உள்ளடக்க அணுகல்தன்மைக்கான உலக அளவிலான நெறிமுறைகளும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, முன்னரே பதிவு செய்யப்பட்ட காணொலிகளுக்கு இவ்வசதியை அடிப்படை நிலைத் தேவையாகவே வகுத்தது.

ஆகவே இக்கட்டுரையில் முன்னையது 'துணைத்தலைப்பு' என்றும், 'கேப்ஷன்' எனப்படும் பின்னையது 'எழுத்துரை' என்றும் வழங்கப்படுகின்றன. 'உரை' என்னும் சொல் பேச்சையும் குறிக்கும். ஒரு பனுவலுக்கு எழுதப்படும் விளக்கத்தையும் குறிக்கும். எழுத்துரை இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்கின்றது என்பதால் அச்சொல் பொருத்தமுடையதாகின்றது. 'காணொளி', 'காணொலி' என இருவகையாக எழுதப்படும் சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. இவற்றுள் எது சரியென்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. காண் என்னும் வினையும் ஒலி என்னும் பெயரும் தொக்கு நிற்பதாகக் கொள்ளின், 'காணொலி' என்பது காணப்படும் ஒலி எனப் பொருள்படும். எழுத்துரையோடு கூடிய படைப்பே அப்பெயர்க்கு முழுத் தகுதி பெறும் எனலாம்.

அறிக்கையும் தீர்ப்பும்

பார்வைத்திறன் குறையுடைய ராஜீவ் ராதுரி 2005ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கே இதற்குத் தொடக்கம். 2017 டிசம்பர் 15 அன்று நீதிமன்றம் பல ஆணைகளைப் பிறப்பித்தது. அவை உரியவாறு நிறைவேறாத நிலையில், 2023 நவம்பரில் களநிலையை ஆராய்ந்து அறிக்கை அளிக்குமாறு நல்சார் மையத்தைப் பணித்தது. அம்மையம் அளித்த அறிக்கையின் தலைப்பைத் தமிழில் 'எல்லோர்க்கும் உரிய அளவுகளைக் கண்டறிதல்' எனக் கூறலாம். 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு வழங்கிய தீர்ப்பு, 2017ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15(1)ஆம் விதி மூலச் சட்டத்திற்கு முரணானது என முடிவு செய்தது. கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு நடுவணரசுக்கு ஆணையிட்டது.

இத்தீர்ப்பின் மையம் ஒருவகையில் இலக்கணச் சிக்கலே எனலாம். சட்டம் 'செய்தல் வேண்டும்' என்கின்றது. அதன்கீழ் எழுந்த விதி கட்டாயம் போன்ற நடையில் பேசினும், அது சுட்டும் வழிகாட்டுதல்கள் 'செய்யலாம்' என்ற பரிந்துரை நிலையிலேயே நிற்கின்றன. ஏவலாக இருக்க வேண்டியது விழைவாகத் தேய்ந்துவிட்டது. விலக்க முடியாத அடிப்படைத் தேவைகள் வேறு, படிப்படியாக வளர்த்தெடுக்க வேண்டியவை வேறு எனப் பிரித்து, முன்னவற்றைக் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அனைவர்க்குமான வடிவமைப்பு, எல்லா வகை மாற்றுத்திறனாளிகளையும் உள்ளடக்குதல், துணைக்கருவிகளோடு இயைதல், உரியவர்களோடு தொடர்ந்து கலந்தாய்தல் என்னும் நான்கு கோட்பாடுகளை அது வலியுறுத்துகின்றது.

அறிக்கையின் தலைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது 'எல்லோர்க்கும் ஓர் அளவு' என்று கூறவில்லை. 'எல்லோர்க்கும் அளவுகள்' எனப் பன்மையில் கூறுகின்றது. ஒரே அளவுச் சட்டையை அனைவர்க்கும் அளிப்பது சமத்துவம் போலத் தோன்றினும் பலருக்கு அது பயன்படாது. இப்பன்மைக் கருத்து எழுத்துரைக்கு எவ்வாறு பொருந்தும் என்பது அடுத்து ஆராயப்படுகின்றது. அதற்குமுன் ஒரு குறைபாட்டைச் சுட்டுதல் தகும். மேற்கண்ட நான்கு கோட்பாடுகளுள் மொழி தனியிடம் பெறவில்லை. சாய்தளத்திற்கு மொழி இல்லை. அதன் சரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எண்ணால் கூறிவிடலாம். எழுத்துரையோ முற்றிலும் மொழியால் ஆனது. எம்மொழியில், அம்மொழியின் எவ்வழக்கில் என்ற வினாக்களுக்கு விடை கூறாமல் அதன் அடிப்படைத் தேவையை வரையறுத்தல் இயலாது.

சட்டத்தில் 'அல்லது' என்பதும் 'உம்' என்பதும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இரு பிரிவுகள் இப்பொருளோடு நேரடித் தொடர்புடையன. பண்பாட்டு வாழ்வைப் பற்றிய 29ஆம் பிரிவு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சைகைமொழி பெயர்ப்பு அல்லது துணைத்தலைப்பு வழியாகச் செவித்திறன் குறையுடையோர் அணுக வழிசெய்ய வேண்டும் என்கின்றது. தகவல் தொடர்பு பற்றிய 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகத்தில் ஒலி விவரிப்பும் சைகைமொழி பெயர்ப்பும் எழுத்துரையும் வழங்கப்பட வேண்டும் என்கின்றது. ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் 'துணைத்தலைப்பு', மற்றோரிடத்தில் 'எழுத்துரை'. ஓரிடத்தில் 'அல்லது', மற்றோரிடத்தில் 'உம்'. சொல்லாராய்ச்சியில் பழகியவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சைகைமொழியையே முதன்மொழியாகக் கொண்டவர்க்கும், வளர்ந்தபின் செவித்திறன் இழந்து தமிழ் எழுத்தையே நம்பி வாழ்பவர்க்கும் ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது. 'அல்லது' என்னும் சொல் இவ்விரு சாராருள் ஒருவரை வெளியே நிறுத்திவிடுகின்றது.

செயலளவிலான வழிகாட்டுதல்களிலும் தேர்வுரிமை வழங்குபவர் பக்கமே இருந்து வந்துள்ளது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் தொலைக்காட்சிக்கான தரநிலைகளை வெளியிட்டது. 2024 மார்ச்சில் திரையரங்குகளில் காட்டப்படும் படங்களுக்கான வழிகாட்டுதல்களையும், 2025 அக்டோபரில் இணையவழிப் படத்தளங்களுக்கான வரைவையும் வெளியிட்டது. நீதிமன்றங்களும் இத்திசையில் நடந்துள்ளன. 2023 ஜனவரி 16 அன்று டில்லி உயர் நீதிமன்றம் 'பதான்' என்னும் இந்திப் படத்தின் இணையவழி வெளியீட்டிற்கு ஒலி விவரிப்போடு இந்தியிலும் எழுத்து வரிகள் அமைக்குமாறு ஆணையிட்டது. படத்தின் மொழியிலேயே எழுத்து அமைய வேண்டும் என்னும் கருத்து இவ்வாணையில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே எழுத்துரை வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது முன்மாதிரியாகும்.

ஆங்கிலத் துணைத்தலைப்பின் போதாமை

தமிழ்ப் படங்களுக்கு ஆங்கிலத் துணைத்தலைப்பு அமைத்தல் இன்று பரவலாகியுள்ளது. செவி கேளாத தமிழர்க்கு இதுவே போதும் என்னும் எண்ணம் வழங்குநரிடையே காணப்படுகின்றது. ஆங்கிலம் அறியாதவர் நிலை வெளிப்படை. ஆங்கிலம் அறிந்தவர்க்கும் அது போதாது என்பதற்குத் தமிழின் அமைப்பே சான்று.

தமிழ் வினைமுற்று பாலையும் மதிப்பையும் உணர்த்தும். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என்பவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆங்கில வினை காட்டாது. 'நீ', 'நீங்கள்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். மதிப்போடு பேசிவந்த மருமகன் ஒரு கட்டத்தில் மாமனாரை 'நீ' என்று விளித்துவிடுவதாகக் காட்சி அமையுமாயின், அவ்விளியே அக்காட்சியின் திருப்பம். செவியுடையோர் அனைவரும் திடுக்கிடும் அந்நொடியில், ஆங்கில வரியைப் படிப்பவர் எதுவும் நிகழாதது போல் அமர்ந்திருப்பார். அவ்வாறே மாமா, சித்தப்பா, பெரியப்பா என்னும் உறவுகள் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. அத்தை, சித்தி, பெரியம்மா என்பனவும் அங்ஙனமே. முறைமாமனுக்கும் சிற்றப்பனுக்கும் உள்ள வேறுபாட்டின்மேல் எழுப்பப்பட்ட கதை அவ்வாசகர்க்கு விளங்காத புதிராகின்றது.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்

தமிழில் எழுத்துரை எழுதத் தொடங்கியவுடன் எதிர்ப்படும் முதற்சிக்கல் இரட்டை வழக்கு. திரையில் ஒலிப்பது பேச்சுத்தமிழ். பள்ளியில் கற்பிக்கப்படுவது எழுத்துத்தமிழ். தாய் மகனிடம் கூறுவதாக ஓர் எளிய தொடரைக் கொள்வோர், அதனை மூவகையாக எழுத இயலும்.

(அ) "என்னடா, இன்னும் கெளம்பலயா? பஸ்ஸு போயிரும்."
(ஆ) "என்ன, இன்னும் கிளம்பவில்லையா? பேருந்து போய்விடும்."
(இ) "என்னடா, இன்னும் கிளம்பலையா? பஸ் போயிடும்."

முதல்வகை ஒலியை அப்படியே பெயர்க்க முயல்வது. பாத்திரத்தின் ஊர், நிலை, மனப்போக்கு ஆகியன இதில் நிற்கின்றன. ஆயின் பிறவியிலேயே செவி கேளாமல், தமிழைப் பாடநூல் எழுத்தின் வழியாகவே கற்ற ஒருவர்க்கு 'கெளம்பலயா' என்பது எந்த அகராதியிலும் இல்லாத சொல். செவியுடையோர் அதனை மனத்துள் ஒலித்துப் பார்த்துப் பொருள் கொள்வர். அவ்வழி இவர்க்கு இல்லை. இரண்டாம் வகை அவருக்குத் தெளிவு தரும். ஆனால் 'டா' என்னும் நெருக்கம் போயிற்று. 'பஸ்' என்று அசையும் உதடுகளுக்குக் கீழே 'பேருந்து' என்று எழுதப்பட்டது. இதழசைவைக் கொண்டு பேச்சை உணர்பவர்க்கும், ஓரளவு கேட்கும் திறனுடையவர்க்கும் இம்முரண் இடையூறாகும். எல்லாப் பாத்திரமும் ஒரே நடையில் பேசுவதாகவும் ஆகிவிடும். நெல்லையின் 'ஏலே'யும் கொங்கு நாட்டின் 'ஏனுங்க'வும் மதுரையின் 'வந்தாய்ங்க'வும் செய்தி வாசிப்பின் தமிழாக மாறிவிடின், எழுத்துரை கதையைத் தந்து மாந்தரைத் தராத நிலை உண்டாகும்.

மூன்றாம் வகை ஓர் இடைவழி. சொல்லின் வேர் எழுத்துத்தமிழில் உள்ளவாறே நிற்கின்றது. ஈறு பேச்சு வழக்கில் அமைகின்றது. விளியும் உறவுப்பெயரும் காக்கப்படுகின்றன. தமிழ்ப் புனைகதை இச்சிக்கலைப் பல பதிற்றாண்டுகளாக எதிர்கொண்டு தீர்வுகள் கண்டுள்ளது. புதுமைப்பித்தன் முதலாகப் பலர் வட்டாரப் பேச்சை அச்சில் நிறுத்தினர். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவே தந்தார். நாவலின் உரையாடலை எழுதும் மரபு எழுத்துரைக்கு அருகிலுள்ள முன்னோடியாகும். வேறுபாடு ஒன்றுண்டு. நாவலைப் படிப்பவர் நின்று, திரும்பிப் படிக்கலாம். எழுத்துரை சில நொடிகளில் மறைந்துவிடும். எனவே எழுத்துரையில் ஒரு சொல் எங்கும் ஒரே வகையாக எழுதப்படுதல் இன்றியமையாதது. 'போயிடும்', 'போயிரும்', 'போய்டும்' என ஒரே பாத்திரத்தின் பேச்சு மாறிமாறி எழுதப்படின், படிப்பவர் அதனைப் பொருள் வேறுபாடாகக் கருத இடமுண்டு.

எனினும் ஒரு வகையே எல்லார்க்கும் பொருந்தும் என முடிவு கட்டுதல் அறிக்கையின் கருத்துக்கு மாறானது. அச்சு நூல் ஒரு வடிவத்தையே தேர்ந்தாக வேண்டும். எண்ணிமக் காணொலிக்கு அக்கட்டாயம் இல்லை. எழுத்துரை காட்சியிலிருந்து பிரிந்த தனிக் கோப்பாக இருப்பதால், பேச்சு வழக்கில் ஒன்றும் எழுத்து வழக்கில் ஒன்றுமாக இரண்டு கோப்புகளை இணைத்து, காண்பவரே தேர்ந்துகொள்ள விடலாம். எழுத்து வழக்கிலமைந்த கோப்பிலும் விளிகளும் உறவுப்பெயர்களும் நீக்கப்படாதிருத்தல் வேண்டும். 'அளவுகள்' என்னும் பன்மைக்கு மொழி நிலையில் கிடைக்கும் பொருள் இதுவே எனலாம்.

எழுத்தெண்ணிக்கை

எழுத்துரை திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை ஆங்கில மரபில் நிமிடத்திற்கு இத்தனை சொற்கள் என்றோ, நொடிக்கு இத்தனை எழுத்துகள் என்றோ கணக்கிடுகின்றனர். இவ்விரு அளவைகளும் தமிழுக்கு நேராகப் பொருந்தா. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் 'போகவேண்டியிருந்தது' என்பது ஒரு சொல்லாகவே எழுதப்படலாம். ஆங்கிலத்தில் அது பல சொற்களாகும். எழுத்துக் கணக்கிலோ வேறொரு சிக்கல் உள்ளது. தமிழ் இலக்கணப்படி அச்சொல்லில் பத்து எழுத்துகள் உள்ளன. யூனிகோடு குறியேற்றத்தில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின், அச்சொல் பதினெட்டுக் குறிகளாகின்றது. குறிகளை எண்ணி வரம்பிடும் மென்பொருளில் எழுதுபவர், இடம் போதாதென்று கருதித் தேவையற்றுச் சுருக்க நேரும். அச்சுருக்கத்தில் முதலில் பலியாவன மேலே கூறிய விளிகளும் அசைகளுமே. எழுத்து எது என்னும் வினாவை முதல் நூற்பாக்களிலேயே எடுத்துக்கொண்ட மரபு தமிழ் மரபு. அவ்வரையறை இங்கு நடைமுறைப் பயன் உடையதாகின்றது.

உரையல்லாத ஒலிகள்

பேச்சல்லாத ஒலியை எழுதுதல் எழுத்துரையின் மற்றொரு கூறு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நிறைவில், மெய்ப்பாட்டின் நயம் கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணர்வார்க்கன்றிப் பிறர்க்கு அரிது என்னும் கருத்து அமைந்துள்ளது. சுவைப்பவர்க்குக் கண், செவி இரண்டும் வேண்டும் என்பது இதன் எடுகோள். செவியின் பணியைக் கண்ணுக்கு மாற்றித் தருவதே எழுத்துரை. ஆகவே எதனை எழுத வேண்டும், எதனை எழுத வேண்டா என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் கிடைக்கின்றது. கண் தானே காண்பதனை எழுத வேண்டுவதில்லை. செவி மட்டுமே அறிவதனை எழுதாமல் விடுதல் கூடாது. அழுபவரின் முகம் திரையில் தெரியும்போது 'அழுகை' என எழுதுதல் மிகை. மூடிய கதவுக்குப் பின்னிருந்து எழும் அழுகையை எழுதாமை குறை.

ஒலிக்குறிப்புச் சொற்களில் தமிழ் வளமுடையது. உரிச்சொல்லை வகுத்த தொல்காப்பியர் இசை, குறிப்பு, பண்பு என மூன்றனுள் இசைக்கே முதலிடம் தந்தார். சலசல, தடதட, கிறீச் முதலாய சொற்களை எழுத்துரையில் பயன்படுத்தலாம் எனத் தோன்றும். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இச்சொற்கள் ஒலியை ஒலியால் உணர்த்துவன. கேட்டறிந்து பின்னர்ச் செவித்திறன் இழந்தவர்க்கு அவை நினைவைத் தூண்டும். ஒருபோதும் கேட்டறியாதவர்க்கு 'தடதட' என்பது வழக்கால் அறிந்த ஒரு குறியே அன்றி ஒலியன்று. 'தொலைவில் இரயில் செல்கிறது', 'காலடி ஓசை நெருங்குகிறது' என ஒலியின் மூலத்தையும் திசையையும் இயல்பையும் கூறும் தொடர்கள் இருசாரார்க்கும் பயன் தரும். அவ்வாறே 'இசை' என்ற ஒற்றைச் சொல்லும் பயனற்றது. திருமண வீட்டின் நாதசுரம் இடையில் நின்றுவிடுகின்றது என்பது செய்தி. 'இசை' என்பது செய்தியன்று.

இயந்திர எழுத்துரையின் எல்லை

2009ஆம் ஆண்டில் யூடியூப் ஆங்கிலக் காணொலிகளுக்குத் தானியங்கி எழுத்துரையை அறிமுகப்படுத்தியது. அதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய கென் ஹாரன்ஸ்டீன் செவி கேளாத பொறியாளர் என்பது குறிப்பிடத்தக்கது. நாள்தோறும் பெருகும் காணொலிகள் அனைத்திற்கும் மனிதர் எழுதித் தருதல் இயலாதாகையால் இயந்திரத்தின் துணை தவிர்க்க முடியாதது. எனினும் தமிழ்ப் பேச்சில் லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் பலரிடம் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'பள்ளி' 'பல்லி' ஆகலாம். 'மறம்' 'மரம்' ஆகலாம். ஆங்கிலச் சொல் கலந்த பேச்சும் வட்டாரப் பேச்சும் பிழையை மிகுவிக்கும்.

இப்பிழைகளைச் செவியுடையோர் நகைத்துக் கடந்துவிடுவர். கேட்ட ஒலியைக் கொண்டு எழுத்தைத் திருத்திக்கொள்வர். செவி கேளாதவர்க்கு ஒப்பிட்டுத் திருத்த வேறு பாடம் இல்லை. எழுத்துரையே அவருக்கு மூலபாடம். சுவடிப் பதிப்பில் ஒரு பாடபேதம் நூற்பொருளையே மாற்றிவிடும் என்பதை அறிந்த தமிழறிஞர்க்கு இதன் கடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இயந்திரம் தந்த வரைவை ஒருவர் கேட்டுத் திருத்திய பின்னரே அதனை எழுத்துரை எனக் கணக்கில் கொள்ளும் நெறி தேவை. எழுத்துரை 'உண்டு' என்ற பதிவு மட்டும் கடமை நிறைவேறியதற்குச் சான்றாகாது.

ஐதராபாத் சூழலும் தமிழும்

அறிக்கை பிறந்த நகரம் தமிழ்க் காணொலியோடும் நெருங்கிய தொடர்புடையது. 1996ஆம் ஆண்டு முதல் இயங்கும் ராமோஜி திரைப்பட நகரில் தமிழ்ப் படங்களும் எடுக்கப்படுகின்றன. ஐதராபாத்தில் உருவாகும் தெலுங்குப் படங்கள் தமிழில் குரல் மாற்றப்பட்டு வெளிவருகின்றன. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஆஹா' இணையவழித் தளம் 2020இல் தெலுங்குக்கும் 2022இல் தமிழுக்கும் தொடங்கப்பட்டது. குரல் மாற்றப்பட்ட படம் இதழசைவைப் படிப்பவர்க்குப் பெருஞ்சிக்கல். தமிழ்ப் படத்திலேயே 'மணி', 'பணி' என்னும் சொற்களின் முதலெழுத்துகள் இதழில் ஒன்றுபோல் தோன்றும். உதடு தெலுங்கும் குரல் தமிழுமாக அமையும்போது இதழசைவு முற்றிலும் வழி தவறச் செய்யும். ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட 'வாவ்2லிப்' என்னும் முறை, ஒலிக்கேற்ப இதழசைவை மாற்றியமைக்கின்றது. அத்தகைய நுட்பம் முரணைக் குறைக்கலாம். எழுத்துரையின் தேவையைக் குறைக்காது.

இந்நகரின் சூழல் மற்றொரு பயனையும் நினைவூட்டுகின்றது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்த கருத்தொன்று உண்டு. திரைப்பாடல்களின் வரிகளை அதே மொழியில் திரையில் எழுதிக் காட்டினால், எழுத்தறிவு குன்றியவர் படிக்கப் பழகுவர் என்பது அது. 1999இல் குசராத்தித் தொலைக்காட்சியில் பாடல் நிகழ்ச்சியில் அது செயல்படுத்தப்பட்டது. பின்னர்ப் பிற மொழிகளுக்கும் பரவியது. ஐதராபாத், செகந்திராபாத் போன்ற நகரங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர் வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் தமிழைக் கற்க வாய்ப்பின்றியும் உள்ளனர். கேட்கத் தெரிந்து படிக்கத் தெரியாத அவர்க்கும், படிக்கத் தெரிந்து கேட்க இயலாத செவித்திறன் குறையுடையோர்க்கும் ஒரே எழுத்துரை பயன்படும். எனினும் இரண்டாவது பயனை முன்னிறுத்தி முதலாவது உரிமையைப் பின்தள்ளுதல் கூடாது. படிக்கப் பழகுதற்குப் பாடல் வரிகள் போதும். படத்தைக் காண்பதற்கு முழு எழுத்துரையும் வேண்டும்.

முடிவுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50.7 இலட்சம் பேர். அவர்தம் உரிமையை இரக்கத்தின் பாற்படுத்தாமல் விலக்க முடியாத கடமையாக நிறுவியதே நல்சார் அறிக்கையும் அதன்வழித் தீர்ப்பும் செய்த பெரும்பணி. ஆனால் சட்டம் எழுத்துரை இருக்க வேண்டும் என்று மட்டுமே கூற இயலும். அது எத்தகைய தமிழில் அமைய வேண்டும் என்பதைக் கூறும் பொறுப்பு தமிழ்ப் புலமைக்கு உரியது.

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. தமிழ்க் காணொலிக்குத் தமிழிலேயே எழுத்துரை அமைதல் அடிப்படைத் தேவை. ஆங்கிலத் துணைத்தலைப்பு அதற்கு ஈடாகாது. பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு ஆகிய இரண்டிலும் கோப்புகள் தருதல் எண்ணிம ஊடகத்தில் இயலும். 'அளவுகள்' என்னும் பன்மைக் கோட்பாடு அதனையே வேண்டுகின்றது. படிக்கும் நேரத்தைக் கணக்கிடத் தமிழ் எழுத்தையே அலகாகக் கொள்ளுதல் வேண்டும். உரையல்லாத ஒலிகளை அவற்றின் மூலத்தாலும் இயல்பாலும் குறித்தல் வேண்டும். இயந்திர எழுத்துரை மனிதரால் திருத்தப்படாத வரை வரைவேயாகும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் பேச்சு வழக்கு எழுத்துமுறைக் கையேடு ஒன்றைத் தொகுப்பின் இக்குறை பெரிதும் நீங்கும். அவ்வாறு தொகுக்கும் குழுவில் செவி கேளாத தமிழ் வாசகர்களும் இடம்பெறுதல் இன்றியமையாதது. உரியவர்களோடு கலந்தாய்தல் என்று தீர்ப்பு வகுத்த கோட்பாடு மொழிக்கும் பொருந்தும். தமக்காக எழுதப்படும் தமிழ் எங்கே விளங்குகின்றது, எங்கே தடுக்கின்றது என்பதை அவர்களே அறிவர்.